தும்மலும் போர்க்காயம் ஆகுமோ?

போரிலே கால் ஒன்றை இழந்து திரும்பும் வீரனைக் காண்பவர் எவரும், அவனுக்கு அரசு உதவிப்பணம் கொடுப்பதேன் என்று கேட்பதில்லை. இழப்புக் கண்ணுக்குத் தெரிகிறது. அதன் காரணமும் தெரிகிறது. ஆனால், கை கால் குறைவின்றி வீடு திரும்பிய ஒருவர், ஓயாத மூக்கடைப்பும் தும்மலும் தமக்குப் படைச் சேவையிலே வந்தவை என்று சொல்லி நின்றால் உலகம் அவரை எவ்வாறு நோக்கும்? ஊரிலே தும்மாதவர் யார் என்று நகைப்பவரே பலராவர். அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ இத்தகைய கோரிக்கைகள் நகைத்துத் தள்ளப்படுவதில்லை. அவை சட்டமும் வைத்தியமும் சேர்ந்து ஆராயும் வழக்குகளாகி, திணைக்களத்திலிருந்து சபைக்கும், சபையிலிருந்து நீதிமன்றுக்கும் செல்கின்றன. கண்ணுக்குத் தெரியாத நோயைப் பற்றி அரசுக்கும் குடிமகனுக்கும் இடையே ஐயம் எழுந்தால், அந்த ஐயத்தின் சுமையை யார் தாங்குவது என்னும் பெரிய வினா இச்சிறிய வழக்குகளுள் அடங்கியிருக்கிறது.

முதலில் நோயின் தன்மையை அறிதல் வேண்டும். ஒவ்வாமை நாசியழற்சி என்பது, பேச்சுவழக்கிலே பீனிசம் என்று பொதுவாகச் சொல்லப்படும் நோய்களுள் ஓரினம். மகரந்தத் தூள், வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணி, பூஞ்சணம், விலங்குகளின் தோற்செதில் முதலியன பெரும்பாலோருக்குத் தீங்கற்றவை. சிலருடைய உடலோ அவற்றைப் பகையென மயங்கி எதிர்க்கிறது. அவ்வெதிர்ப்பிலே ஹிஸ்டமின் என்னும் பொருள் வெளிப்பட, மூக்கின் உட்சவ்வு வீங்குகிறது, நீர் வடிகிறது, கண் அரிக்கிறது, தும்மல் தொடர்கிறது. இந்நோயை 1819ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகர வைத்தியரான ஜோன் பொஸ்டொக் விரித்துரைத்தார். அந்நோயாளி அவரேதான். மகரந்தமே அதற்குக் காரணம் என்பதை மன்செஸ்டர் நகரத்துச் சாள்ஸ் பிளக்லி தம்முடைய உடலிலேயே சோதித்து 1873ஆம் ஆண்டில் வெளியிட்டார். அலர்ஜி என்னும் சொல்லை 1906ஆம் ஆண்டில் ஆக்கியவர் கிளெமன்ஸ் பொன் பிர்க்கே என்னும் ஒஸ்திரிய வைத்தியர்.

ஒவ்வாமைக்கு ஏதுவான உடலமைப்புக் குடும்பவழி வருவதுண்டு. ஆயினும் அவ்வமைப்பு உள்ளவர் எல்லோரும் நோயாளராவதில்லை. மண்ணிலே விதை கிடந்தாலும் மழை பெய்தாலன்றி முளைப்பதில்லை. அதுபோல, ஒவ்வாப் பொருளோடு உடல் பலகாலும் பழகினாலன்றி நோய் தோன்றுவதில்லை. படைவீரனோ தான் வாழும் இடத்தைத் தானே தேர்பவன் அல்லன். பழக்கமில்லாத நாட்டின் மகரந்தம், பாலைவனத்துப் புழுதி, ஈரம் படிந்த கூடாரத்தின் பூஞ்சணம், இயந்திர அறையின் எண்ணெய்ப் புகை ஆகியவற்றினிடையே அவன் கட்டளைப்படி வாழ்கிறான். ஆகவே, விதை அவனுடையதாயினும் மழையைப் பெய்வித்தது யார் என்னும் கேள்வி எழுகிறது.

இக்கேள்விக்கு விடை காண்பதற்கு அமெரிக்கச் சட்டம் மூன்று கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலியை வைத்திருக்கிறது. நோய் இப்பொழுது உண்டு என்பது முதலாவது கண்ணி. சேவைக்காலத்திலே நோயோ, காயமோ, அதற்கு ஏதுவான நிகழ்ச்சியோ நேர்ந்தது என்பது இரண்டாவது. முன்னதற்கும் பின்னதற்கும் காரணத் தொடர்பு உண்டு என்பது மூன்றாவது. மூன்றும் பொருந்தினால் நோய்க்குச் சேவைத் தொடர்பு உண்டென்று ஏற்றுக்கொள்வர். அது போர்க்களத்திலே நேர்ந்திருக்க வேண்டுமென்ற நியதி இல்லை. அமைதிக்காலத்திலே ஒரு பட்டறையில் வேலை செய்தபோது நேர்ந்தாலும் போதுமானது.

விளக்கத்தின் பொருட்டு ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். இவர் 1983ஆம் ஆண்டு முதல் 1987ஆம் ஆண்டு வரை ஜெர்மனியிலிருந்த அமெரிக்கப் படைமுகாம் ஒன்றிலே வாகனம் திருத்துபவராகப் பணியாற்றினார். படையிற் சேர்ந்தபோது நடந்த வைத்திய சோதனையில் மூக்குநோய் எதுவும் குறிக்கப்படவில்லை. சேவைக்காலத்திலே இரு முறை முகாம் வைத்தியசாலைக்குச் சென்றார். தடிமன் என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பினர். வீடு திரும்பிய பின்னர் மருந்துக் கடையிலே தாமே மாத்திரை வாங்கி விழுங்கிக் காலங்கழித்தார். வயது முதிர்ந்து, இரவிலே மூச்சுவிட இயலாத நிலை வந்த பின்னரே, 2020ஆம் ஆண்டில், முன்னாட் படைவீரர் விவகாரத் திணைக்களத்துக்கு விண்ணப்பம் எழுதினார். திணைக்களம் மறுத்துவிட்டது. மறுப்புக்கு மூன்று காரணங்கள் கூறப்பட்டன. ஒவ்வாமை பிறவிக்குணம் என்பது ஒன்று. சேவையிலே வந்தவை தாமே தீர்ந்துபோன தடிமன்கள் என்பது இரண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வைத்தியப் பதிவு எதுவும் இல்லை என்பது மூன்று. இம்மூன்றும் இத்தகைய வழக்குகளிலே திரும்பத் திரும்பத் தோன்றும் காரணங்களாதலால், ஒவ்வொன்றையும் சட்டம் எவ்வாறு நோக்குகிறது என்று காண்பது பயன் தரும்.

பிறவிக்குணம் என்னும் காரணத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வாமை நோய்களுக்கென்றே அமெரிக்க விதிக்கோவையில் ஒரு தனி விதி உண்டு. ஒவ்வாமையாற் பிறக்கும் நோய்களை உடலமைப்பின் கோளாறு என்று வழக்கம்போலச் சொல்லித் தள்ளிவிடுதல் ஆகாது என்று அது கட்டளையிடுகிறது. நோய் சேவைக்கு முன்னரே இருந்திருந்தால், சேருங்காலத்தில் அது எவ்வளவு கடுமையாக இருந்தது, பின்னர் எவ்வளவு கடுமையாயிற்று என்று ஒப்புநோக்க வேண்டும். கடுமை கூடியிருந்தால், அஃது இயல்பான வளர்ச்சிதான் என்று ஆராயாது கூறுதலும் ஆகாது.

இதனோடு நலமுடைமை அனுமானம் என்னும் மற்றொரு கோட்பாடும் சேர்கிறது. படையிற் சேருங்காலத்துச் சோதனையிலே குறிக்கப்படாத நோய் எதுவும் அப்பொழுது இருந்ததில்லை என்று சட்டம் கொள்ளும். இல்லை, முன்னரே இருந்தது என்று அரசு வாதாடினால், முன்னரே இருந்தது என்பதையும், சேவையினால் அது கடுமையாகவில்லை என்பதையும், இரண்டையுமே ஐயத்துக்கு இடமின்றித் தெளிவான சான்றுகளால் அரசே நிறுவ வேண்டும். 2004ஆம் ஆண்டிலே வாக்னர் என்பவரின் வழக்கிலே சமட்டி மேன்முறையீட்டு நீதிமன்று இதனை வலியுறுத்திற்று. சோதித்துப் பார்த்து நலமுடையவன் என்று சேர்த்துக்கொண்டவர்கள், வேலை முடிந்த பின்னர் நீ முன்னமே நோயாளி என்று எளிதாகச் சொல்லிவிடலாகாது என்பதே இதன் நீதி. மாறாக, சேருங்காலத்துப் பத்திரத்திலே ஒவ்வாமை உண்டு என்று குறிக்கப்பட்டிருப்பின் வாதம் வேறாகும். அங்கே, சேவைக்காலத்தில் நோய் கடுமையாயிற்று என்பதை வீரர் காட்ட வேண்டும். காட்டிவிட்டால், அஃது இயல்பான வளர்ச்சியே என்று நிறுவும் கடன் அரசினிடம் செல்லும்.

இரண்டாவது காரணம் இதனினும் நுண்ணியது. மேற்கூறிய விதியே மற்றொன்றையும் கூறுகிறது. பருவந்தோறும் வந்து, ஒவ்வாப் பொருள் நீங்கியவுடன் தானும் நீங்கும் கோளாறுகளைப் பொதுவாக வடுவின்றி ஆறும் குறுங்கால நோய்களாகவே கருத வேண்டும் என்பது அது. இளவேனிலிலே இரு வாரம் தும்மிவிட்டுப் பின்னர் நலமாயிருப்பவருக்கு வாழ்நாள் முழுவதும் உதவிப்பணம் இல்லை என்பது இதன் கருத்து. அரசுப் பணம் மக்கள் பணமாதலால் இதனைத் தவறென்று சொல்வதற்கில்லை. எனவே, வந்துபோன தடிமனா, அன்றி வந்து நிலைத்துவிட்ட நோயா என்பதே வழக்கின் மையமாகிறது. முகாம் வைத்தியர் அவசரத்தில் எழுதிய தடிமன் என்னும் ஒரு சொல் இதனை முடிவுசெய்துவிடாது. நீர்வடிதலும் தும்மலும் தடிமனுக்கும் ஒவ்வாமைக்கும் பொதுவானவை. காய்ச்சல் இருந்ததா, கண் அரித்ததா, எத்தனை நாள் நீடித்தது, பட்டறைக்கு விடுமுறை விட்ட நாட்களில் தணிந்ததா என்பவற்றை ஆராய்ந்தே இக்கால வைத்தியர் தம் கருத்தைச் சொல்ல வேண்டும்.

அவ்வைத்தியருக்கும் சட்டம் ஒரு கடமை விதிக்கிறது. திணைக்களம் ஒருவரைச் சோதனைக்கு அனுப்புமானால் அச்சோதனை நிறைவுடையதாக இருத்தல் வேண்டும் என்று 2007ஆம் ஆண்டில் பார் என்பவரின் வழக்கிலே தீர்ப்பாயிற்று. கருத்தை மட்டும் எழுதிக் காரணத்தை எழுதாத வைத்திய அறிக்கைக்கு மதிப்புக் குறைவு என்று 2008ஆம் ஆண்டில் நியேவெஸ் ரொட்ரிகஸ் வழக்குக் காட்டிற்று. கூடிக் குறையும் தன்மையுள்ள நோயை, அது தணிந்திருக்கும் காலத்திலே மட்டும் பார்த்து முடிவுசெய்தல் போதாது என்று 1994ஆம் ஆண்டில் ஆர்டிசன் வழக்கிலே சொல்லப்பட்டது. அவ்வழக்கு ஒரு தோல்நோயைப் பற்றியது. ஆயினும் மகரந்தம் பறக்கும் பருவத்திலே அடைத்து, பனிக்காலத்திலே திறந்துவிடும் மூக்குக்கும் அவ்வாதம் பொருந்தக்கூடியதே.

மூன்றாவது காரணம், பதிவு இன்மை. வைத்தியரைக் காண வசதியற்றவரும், தும்மலுக்காக வைத்தியரிடம் போவதா என்று நாணியவரும் பதிவின்றியே முதுமை அடைகின்றனர். இவர்களுக்கு வாய்ச்சொல்லன்றி வேறு சான்றில்லை. ஒருவர் தம் உடலால் உணர்ந்ததைச் சொல்லத் தகுதியுடையவர் என்று 1994ஆம் ஆண்டில் லேய்னோ வழக்கு ஏற்றுக்கொண்டது. மூச்சுத் திணறியதைச் சொல்ல வைத்தியப் பட்டம் வேண்டுவதில்லை. அக்காலத்து வைத்தியப் பதிவு இல்லை என்னும் ஒரே காரணத்தால் வாய்ச்சாட்சியம் நம்பத்தகாதது ஆகிவிடாது என்று 2006ஆம் ஆண்டில் புக்கனன் வழக்கிலே தீர்ப்பளிக்கப்பட்டது. மனைவி எழுதும் கடிதமும், உடன் பணியாற்றிய தோழர் எழுதும் கடிதமும் சான்றாகும்.

ஆயினும் இதற்கும் எல்லையுண்டு. நீண்டகாலம் முறைப்பாடு ஏதுமின்றி இருந்ததையும் ஒரு காரணியாக எண்ணலாம் என்று 2000ஆம் ஆண்டில் மக்சன் வழக்குக் கூறிற்று. மூக்கு அடைத்தது என்பதைச் சொல்ல எவராலும் இயலும். பட்டறைப் புகைதான் அதனை நிலைபெறச் செய்தது என்று சொல்வதற்குப் பெரும்பாலும் வைத்தியரின் கருத்தே வேண்டும். மறுக்கப்பட்ட விண்ணப்பங்களிலே பல இந்த மூன்றாவது கண்ணி இல்லாமையால் விழுகின்றன. நோயும் உண்டு, சேவையிலே நிகழ்ச்சியும் உண்டு. இரண்டையும் பிணைக்கும் கருத்து மட்டும் இல்லை.

இங்கேதான் அமெரிக்கச் சட்டத்தின் மிகச் சிறந்த கோட்பாடு தோன்றுகிறது. வழக்குக்குச் சார்பான சான்றும் எதிரான சான்றும் ஏறக்குறைய ஒத்த எடையாக நிற்குமானால், ஐயத்தின் பயனை வீரருக்கே கொடுக்க வேண்டும் என்பது அது. ஆகவே, நிச்சயம் சேவையினால் வந்தது என்று வைத்தியர் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. சேவையினால் வந்திருப்பதற்கு, வராமலிருப்பதற்கு உள்ள அளவேனும் வாய்ப்பு உண்டு என்று காரணங்காட்டி எழுதினாற் போதும். தராசின் தட்டுகள் சமமாக நின்றால் வெற்றி வீரருக்கே. 1990ஆம் ஆண்டில், புதிதாகத் தோன்றிய படைவீரர் நீதிமன்று, கில்பேர்ட் என்பவரின் வழக்கிலே இக்கோட்பாட்டை விரிவாக விளக்கிற்று.

அந்நீதிமன்று தோன்றிய வரலாறும் அறியத்தக்கது. மேன்முறையீட்டுச் சபை 1933ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்டதாயினும் அது திணைக்களத்தின் ஓர் உறுப்பே. அதன் முடிவை எதிர்த்து நீதிமன்றுக்குச் செல்லும் கதவு நெடுங்காலம் மூடியே இருந்தது. வழக்கறிஞர் இத்தகைய கோரிக்கைக்கு 10 டொலருக்கு மேற் கூலி பெறலாகாது என்று 1864ஆம் ஆண்டு முதல் ஒரு சட்டமும் இருந்தது. ஏழை வீரரைப் பேராசையுள்ள வழக்கறிஞரிடமிருந்து காப்பதற்கு எழுந்த அச்சட்டம், நூறாண்டு கழிந்தபின், வழக்கறிஞரே கிடையாத நிலையை உண்டாக்கிற்று. 1988ஆம் ஆண்டுச் சட்டமே நீதிமன்றின் கதவைத் திறந்து, அப்பழைய தடையையும் தளர்த்தியது.

இப்பொழுதுள்ள மேன்முறையீட்டு முறை 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2019ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. மறுப்புக் கிடைத்த ஓராண்டுக்குள் மூன்று வழிகளுள் ஒன்றைத் தேரலாம். புதிய, பொருத்தமான சான்று கைவசம் இருப்பின் துணைக் கோரிக்கை இடலாம். சான்று போதும், தீர்மானித்தவரே பிழைவிட்டார் என்று கருதினால் மூத்த உத்தியோகத்தர் ஒருவரின் மறுபரிசீலனையைக் கேட்கலாம். அங்கே புதிய சான்று ஏற்கப்படாது. இரண்டும் வேண்டாமெனின் நேரே மேன்முறையீட்டுச் சபைக்குச் சென்று நீதிபதியின் முன் வாய்ச்சாட்சியமும் கூறலாம். சபையும் மறுத்தால் நீதிமன்றுக்குச் செல்ல 120 நாள் தவணையுண்டு. வழக்கைத் தவணை தவறாது தொடர்ந்து நடத்தி வந்தவர் வெற்றிபெற்றால், பொதுவாக முதல் விண்ணப்பத் திகதியிலிருந்தே பணம் கணக்கிடப்படும். தவணையைத் தவறவிட்டவரோ கடந்த ஆண்டுகளின் பணத்தை இழக்க நேரும். மேலே கற்பனை செய்த வாகனம் திருத்துபவருக்கு ஏற்ற வழி முதலாவதே. அவருக்கு வேண்டியது காரணங்காட்டும் வைத்தியக் கருத்து. அது புதிய சான்றாகும்.

வெற்றி கிடைத்தால் எவ்வளவு கிடைக்கும்? மூக்குநோய்க்கான அளவீடு 1996ஆம் ஆண்டிலே வகுக்கப்பட்டது. மூக்கினுள்ளே சதை வளர்ந்திருப்பின் 30 வீதம். சதை வளராது, இரு துளைகளும் பாதிக்கு மேல் அடைத்திருந்தாலோ, ஒரு துளை முற்றாக அடைத்திருந்தாலோ 10 வீதம். இவற்றுக்குக் குறைந்தால் 0 வீதம். இதனை எழுத்துப்படி கொண்டால், ஒரு துளை 90 வீதமும் மற்றது 40 வீதமும் அடைத்திருப்பவருக்கு ஒன்றுமில்லை; இரண்டும் 60 வீதம் அடைத்திருப்பவருக்கு 10 வீதம் உண்டு. இடைவிடாத தும்மலும், உறக்கமின்மையும், கண்ணரிப்பும் இவ்வளவுகோலிலே இடம்பெறவில்லை. 2025ஆம் ஆண்டில் 10 வீதத்துக்கு மாதம் 175 டொலர் 51 சதமும், குடும்பப் பொறுப்பில்லாத ஒருவருக்கு 30 வீதத்துக்கு 537 டொலர் 42 சதமும் வழங்கப்பட்டன.

பல நோய்கள் உடையவருக்கு வீதங்களைக் கூட்டும் முறையும் தனிப்பட்டது. 30 வீதமும் 10 வீதமும் உடையவருக்கு, முதலில் 30ஐக் கழித்து, எஞ்சிய 70இல் பத்தில் ஒரு பங்கான 7ஐச் சேர்ப்பர். கூட்டுத்தொகை 37, அது 40 வீதமாக முழுமையாக்கப்படும். 0 வீதத்தையும் பயனற்றதென்று தள்ளலாகாது. சேவைத் தொடர்பு ஒருமுறை ஏற்கப்பட்டுவிட்டால் அந்நோய்க்குத் திணைக்கள வைத்தியசாலையிலே கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். பின்னர் நோய் கடுமையானால் வீதத்தை உயர்த்தக் கேட்கலாம். மூக்குநோயினால் நெற்றிக்குழி அழற்சியோ, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயோ விளைந்ததென்று வைத்தியச் சான்று கிடைத்தால், அவ்விளைவு நோய்க்கும் உரிமை கோரலாம்.

இவ்வழக்குகளின் போக்கை அண்மைக்காலத்திலே மாற்றியது பாலைவனப் போர்களின் புகையாகும். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் படைமுகாம்களின் குப்பை, பிளாஸ்திக்கு, வைத்தியக் கழிவு ஆகியன திறந்த எரிகுழிகளிலே எரிக்கப்பட்டன. அப்புகையையும் நுண்புழுதியையும் சுவாசித்தவர் பலர் நோயுற்றனர். எந்த நாள், எந்தப் புகை, எந்த நோய் என்று தனித்தனியே நிறுவுதல் எவராலும் இயலாததாயிற்று. ஆகவே, 2021ஆம் ஆண்டு ஓகஸ்து மாதத்திலே, 1990ஆம் ஆண்டு ஓகஸ்து 2ஆந் திகதி முதல் தென்மேற்கு ஆசியாவிலும், 2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆந் திகதி முதல் ஆப்கானிஸ்தானம் முதலிய நாடுகளிலும் பணியாற்றியவருக்கு ஆஸ்துமா, நெற்றிக்குழி அழற்சி, நாசியழற்சி ஆகியவை சேவையினால் வந்தவை என்று கொள்ளும் அனுமானத்தைத் திணைக்களம் வகுத்தது. சேவை முடிந்து பத்தாண்டுக்குள் நோய் தோன்றியிருக்க வேண்டும் என்ற வரம்பும் அப்பொழுது இருந்தது. 2022ஆம் ஆண்டு ஓகஸ்து 10ஆந் திகதி ஜனாதிபதி பைடன் கையொப்பமிட்ட சட்டம், நாட்பட்ட நாசியழற்சியைத் தன் பட்டியலிலே சேர்த்து அவ்வரம்பையும் நீக்கிற்று. அச்சட்டம் ஈராக்கிலே பணியாற்றி, நுரையீரற் புற்றுநோயால் 2020ஆம் ஆண்டில் இறந்த ஹீத் ரொபின்சன் என்னும் படைவீரரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதன் பயன் பெரிது. அந்நாடுகளிலே பணியாற்றியவர் மூன்றாவது கண்ணியைத் தேடி அலைய வேண்டியதில்லை. சட்டமே அதனைக் கோத்துக் கொடுக்கிறது. ஆயினும் நாட்பட்ட நோய் என்பதே அச்சட்டத்தின் சொல்லாதலால், பருவகாலத் தும்மலா, நிலைத்த அழற்சியா என்னும் பழைய வினா அங்கும் முற்றாக ஒழியவில்லை. ஜெர்மனியிலே வாகனம் திருத்தியவருக்கோ இவ்வனுமானம் எட்டுவதில்லை. அவர் பழைய பாதையிலேயே, கண்ணி கண்ணியாகத் தம் சங்கிலியைக் கோத்துச் செல்ல வேண்டும். தனியாகச் செல்ல வேண்டுமென்பதில்லை. அமெரிக்கன் லீஜன், ஊனமுற்ற அமெரிக்கப் படைவீரர் சங்கம் முதலிய அமைப்புகள் கூலியின்றித் துணை செய்கின்றன.

ஒரு மூக்கடைப்புக்காக இத்தனை விதியும் இத்தனை விசாரணையும் வேண்டுமா என்று நேயர்கள் வினவலாம். உடலை மட்டுமன்றி வாழுமிடத்தையும், உண்ணும் உணவையும், சுவாசிக்கும் காற்றையும் ஒருவன் அரசின் கட்டளைக்கு ஒப்படைத்து நிற்கும் தொழில் படைத்தொழில். அவனைச் சோதித்துச் சேர்த்தவர்கள் அரசினர். காற்றைத் தேர்ந்தவர்கள் அரசினர். பதிவேட்டை எழுதியவர்களும், எழுதாது விட்டவர்களும் அரசினரே. எழுதுகோல் யார் கையில் இருந்ததோ, எழுதப்படாததன் குறையை அவரும் ஓரளவு ஏற்க வேண்டும் என்பதே தராசு சமனாகும்போது வீரர் பக்கம் சாயும் அச்சட்டத்தின் உட்பொருள். காலிழந்தவனுக்குக் கொடுப்பதற்கு இரக்கம் ஒன்றே போதும். தும்மலோடு வந்து நிற்பவனைப் பொறுமையோடு கேட்டு, கொடுப்பதாயினும் மறுப்பதாயினும் காரணங்காட்டி விடையிறுப்பதற்கு நீதி வேண்டும்.